சகலனின் போலி மீன்கள்

என் சகலனின் தூண்டில் பெட்டியை அவனுடைய வீட்டுக் கழிவறைக்குள் தூக்கிக்கொண்டு போய், கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருந்த போலி மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கைபேசியில் படம் பிடித்திருக்கிறேன். அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. வெளியே கூடத்தில் அவனுடைய மகளின் பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வாழ்த்துப் பாடினார்கள். நானும் உள்ளேயிருந்து கொஞ்சம் பாடினேன், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக.

மொத்தம் பதினான்கு மீன்கள். கழுவுதொட்டியின் விளிம்பில் வரிசையாக வைத்து முதுகு, வயிறு, வால் என்று முப்பது படங்களுக்கு மேல் எடுத்தேன். கடைசி மீனைப் பெட்டியில் வைக்கும்போது அதில் தொங்கிய மூன்று தூண்டில் முள்ளில் ஒன்று என் நீலக் கம்பளிச் சட்டையின் கைவிளிம்பில் ஏறிவிட்டது. இழுக்க இழுக்க உள்ளே போனது. கண்ணாடி அலுமாரியில் நகவெட்டி ஒன்று இருந்தது. அதை எடுத்து என் சட்டையை நானே வெட்டினேன். முள்ளோடு போன நீல நூலைப் பிடுங்க நேரமில்லை. வெளியே யாரோ, "பெரியப்பா எங்கை?" என்று கேட்டுவிட்டார்கள். தேவையில்லாமல் ஒரு தடவை தண்ணீரைத் திறந்துவிட்டு, பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து கேக் சாப்பிட்டேன். அன்று முழுவதும் இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

சகலன் கெட்டவன் என்றால் எனக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட எட்டு வயது இளையவன். பதினொரு வருடம் பேர்கனில் இருந்துவிட்டு, குடும்பத்தோடு ஒஸ்லோவுக்கு மாறி ரொம்மனில் வீடு எடுத்தான். பேருந்து ஓட்டுகிறான். பேர்கனில் மழை பெய்யாத நாட்களில் மீன் பிடிக்கப் பழகினேன் என்று சொல்லுவான். அந்த ஊரில் அப்படி எத்தனை நாள் கிடைத்திருக்கும் என்று நானும் கணக்குப் பார்த்தேன். இருந்தாலும் நன்றாகத்தான் பழகியிருந்தான். நான் ஓர் அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவன். 'உங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்தோடு பரிசீலித்தோம்' என்று தொடங்கி, இல்லை என்று முடிக்கிற கடிதங்கள். அவனுடைய பேருந்தில் ஏறியவர்கள் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். என் கடிதம் கிடைத்தவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

ஒரே மாமியாருக்கு இரண்டு மருமகன்மார் என்பது வினாத்தாளைக் கண்ணால் காணாமல் எழுதுகிற பரீட்சை. பெறுபேறு மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

என் பெறுபேறு வருடத்துக்கு ஒரு தடவை, ஓகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ட்வெய்ட்டாவில் மாமியின் ஒன்பதாம் மாடி வீட்டில் வெளியாகும். அன்று மாமி கூழ் காய்ச்சுவார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் செத்தல் மிளகாயும் புளியும் கரைத்து, நண்டும் றாலும் பயத்தங்காயும் பெரிய மீனின் தலையும் போட்டு, இருக்கிற பானைகளில் பெரியதை அடுப்பில் ஏற்றுவார். சகலன் ஒஸ்லோவுக்கு வந்த முதல் வருடம் அந்தப் பெரிய மீனைத் தானே பிடித்துக்கொண்டு வந்தான். கூழ் இறங்கியதும் மாமி முதல் கிண்ணத்தை வார்த்து அவன் கையில் கொடுத்தார். இரண்டாம் வருடமும் அவனுடைய மீன், முதல் கிண்ணம் அவனுக்கு. மூன்றாம் வருடமும் அப்படியே. அவன் வருவதற்கு முன்பு முதல் கிண்ணம் யாருக்குப் போனது என்று நான் கவனித்ததே இல்லை. அது ஒரு மரியாதை என்பதே எனக்கு அது கிடைக்காமல் போன பிறகுதான் தெரிந்தது.

நான்காம் வருடம் பானைக்குள் போகிற தலை நான் பிடித்த மீனின் தலையாக இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு இலட்சியம் வருவது நல்ல சகுனமில்லை என்று மனைவியிடம் சொன்னபோது, "உங்களுக்கு முந்தி எப்ப வந்தது?" என்று கேட்டாள்.

அந்த மீனைப் பற்றியும் சொல்லவேண்டும். நோர்வேக்காரர் அதை ஹவாபூர் என்கிறார்கள். தெற்குக் கடலில் திரிந்த மீன். தண்ணீர் சூடாகச் சூடாக எங்கள் பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளி நிறம், முதுகில் முள்விசிறி, பெரிய வாய். மாமி முதன்முதல் கண்டபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது கொடுவாயின்ரை சொந்தக்காரன்" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது கொடுவாய்தான். ஓகஸ்டில் கரையோரம் வந்து பொடி மீன்களைத் துரத்தித் தின்னும். பிரிஸ்லிங் என்று நெத்தலியின் தம்பி மாதிரி ஒன்று. டோபிஸ் என்று பென்சில் மாதிரி மெலிந்த இன்னொன்று. இவற்றைப்போலச் செய்த போலி மீனைத் தங்கூசி நூலில் கட்டி எறிந்து, உயிருள்ளது போல இழுத்துக் கொடுவாயை ஏமாற்றவேண்டும். எந்தப் போலி எந்த நாளில் ஏமாற்றும் என்பதுதான் வித்தை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். எனக்கு அந்தச் சட்டம் ஒருபோதும் இடைஞ்சல் தந்ததில்லை.

நான் படிக்கிறவன். அதுதான் என்னுடைய கேடு. கொடுவாயின் கண் எந்த நிறத்தை எந்த ஆழத்தில் காணும், தெளிந்த தண்ணீரில் எது, கலங்கிய தண்ணீரில் எது, முகில் மூடிய நாளில் வயிறு வெள்ளையாக இருக்கவேண்டுமா தந்த நிறமாக இருக்கவேண்டுமா என்று ஒரு குளிர்காலம் முழுவதும் வாசித்தேன். வாசித்து முடிந்ததும் கடைக்குப் போய், எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கண்ணுக்கு அழகாக இருந்தவற்றை வாங்கினேன். கொழுத்த உடம்பு, மயில் கழுத்து நிறத்தில் முதுகு, ரோசாப்பூ நிற வயிறு, உருண்டைக் கண். மீன் கடையில் நின்று நல்ல மீன் தெரிவு செய்வது போலத்தான் தெரிவு செய்தேன். சதை இருக்கிறதா, கண் பளபளக்கிறதா, குழம்புக்குக் காணுமா. கடைக்காரப் பையன் ஒரு சின்ன, மெலிந்த, சாம்பல் பச்சையைக் காட்டி, இந்த மாதத்துக்கு இதுதான் போகிறது என்றான். அதில் ஒரு கட்லட்டுக்குக்கூடச் சதை தேறாது. வேண்டாம் என்றுவிட்டேன்.

மனைவி அவற்றைக் குசினி மேசையில் கண்டாள்.

"இஞ்சேருங்கோ, உது ஆருக்கு வாங்கினது? மீனுக்கோ, உங்களுக்கோ?"

"மீனுக்குத்தான்."

"வடிவாத்தான் கிடக்கு. சீலைக்குக் குத்தலாம்."

அந்த வடிவுகளோடு ஜூனில் மூன்று நாள், ஜூலையில் ஐந்து நாள் கடற்கரைப் பாறைகளில் நின்றேன். நோர்வேக் கோடைக்குச் சம்பந்தமில்லாத நிறத்தில் முகம் கருத்தது. மீன் இல்லை. அதே நாட்களில் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் சகலனின் படங்கள் வந்துகொண்டிருந்தன. சமையலுக்குத் தேவைப்படாத நாளில் பிடித்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவான். எனக்குக் கிடைக்காததை அவன் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே மாமி கைகூப்பும் படம் ஒன்று போடுவார். நான் கட்டைவிரல் போடுவேன். அந்தக் கட்டைவிரலைப் போட எனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது கடவுளுக்கும் எனக்கும் தெரியும்.

ஆகவே கழிவறை.

வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அவனுடைய மீன்கள் வடிவில்லை. விரல் நீளம், விரலைவிட மெல்லியவை, பூச்சு உரிந்தவை. கையில் எடுத்தபோதே அவை சின்னவை என்று தெரிந்தது. ஆனால் நான் தேடிப் போனது இரகசியத்தை. இரகசியம் என்ற ஒன்று, அளவு மாதிரி எல்லாருக்கும் தெரிகிற இடத்திலா இருக்கும்? கடைசியில் கண்டுபிடித்தேன். பதினான்கு மீன்களிலும், தாடைக்குக் கீழே, ஒரே இடத்தில், ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி இருந்தது. கடையில் வாங்கியதில் இருக்கிற புள்ளியில்லை, கையால் வைத்தது. கொஞ்சம் கோணல்.

மறுபடியும் வாசித்தேன். காயப்பட்ட பொடி மீனின் செவுள் விரிந்து சிவப்புத் தெரியும், அதைக் கண்டால் பெரிய மீனுக்கு வெறி வரும் என்று பல பேர் எழுதியிருந்தார்கள். எல்லாம் பொருந்தியது. பேருந்து ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு நுணுக்கம் எப்படித் தெரிந்தது என்ற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை மறுபக்கம். மனைவியிடம் போய் நகப்பூச்சு கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"சிவப்பு இருந்தால் நல்லது."

"உங்களுக்கு ஏதும் எண்டால் சொல்லலாம், என்ன? நான் விளங்கிக்கொள்ளுவன்" என்றுவிட்டு எடுத்துத் தந்தாள். ரோசா வயிற்று அழகிகள் பதினொன்றுக்கும் தாடையில் புள்ளி வைத்தேன்.

கூழுக்கு முதல் நாள், சனிக்கிழமை, சகலனே தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணை, விடிய நாலரைக்கு வெளிக்கிடுவம். நான் வந்து ஏத்துறன். ரண்டு பேரும் நிண்டால் ஆருக்காவது ஒண்டு பிடிபடாதோ?" அவனுடைய இந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்க முடியாதது. ஓம் என்றேன். ஞாயிறு கடைகள் பூட்டு, மீனை வாங்கிப் பொய் சொல்லவும் வழியில்லை. அன்று பிடிக்காவிட்டால் இன்னொரு வருடம்.

கடல் நிலத்துக்குள் நுழைகிற ஃபியோர்ட்டின் கீழ்ப்பக்கம், காரில் ஒரு மணித்தியாலம். நாங்கள் போய்ச் சேர வெளிச்சம் வந்துவிட்டது. அலை சின்னது. பாறைக்கு முன்னால் பொடி மீன்கள் கூட்டமாகத் தண்ணீரைச் சிலிர்க்க வைத்துக்கொண்டு போயின. குளிராக இருந்ததால் அந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தேன், கைவிளிம்பை ஒரு மடிப்பு மடித்துவிட்டு.

நான் என் பெட்டியைத் திறந்தேன். சகலன் எட்டிப் பார்த்தான். அவனுடைய முகம் மலர்ந்தது.

"அட, அண்ணை! நீங்களும் மாமியிட்டைக் கொண்டு போனனீங்களே?"

"என்னத்தை?"

"பொட்டு வைக்கத்தான். மாமி புதுச் சாமான் எதுக்கும் பொட்டு வைப்பா தானே. கார் வாங்கினால் காருக்கு, பிரிஜ் வாங்கினால் பிரிஜுக்கு. நான் உதுகளைக் கொண்டு போய்ச் சாமித் தட்டிலை வைச்சனான். குங்குமம் கடல் தண்ணியிலை நிக்காது எண்டு, என்ரை மனிசியின்ரை நெயில் பொலிஷை வாங்கித் தன்ரை கையாலை வைச்சுத் தந்தவ. உங்களுக்கும் வைச்சவவோ?"

நான் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் படித்துக் கண்டுபிடித்த செவுள் இரகசியம் மாமியின் சாமித் தட்டிலிருந்து வந்தது. அதுகூடப் பரவாயில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். நெஞ்சில் குத்தியது வேறு: மாமி தன் கையால், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அவனுடைய பதினான்கு பிளாஸ்டிக் மீன்களுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்திருக்கிறார். என்னுடையவற்றுக்கு நானே வைத்துக்கொண்டேன்.

"ஓம்," என்றேன். "வைச்சவ."

ஐம்பத்தொரு வயதில் ஒரு பொட்டுக்காகப் பொய் சொன்னேன்.

ஆறு மணிக்குள் அவன் தன் மீனைப் பிடித்துவிட்டான். நான்காவது எறிவில். சட்டப்படி ஒன்று போதும் என்று தடியைப் பாறையில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். என் அழகி தண்ணீருக்கு மேல் மினுங்கிக்கொண்டு வந்தாள். அவளைக் கண்டதும் பொடி மீன் கூட்டமே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

"அண்ணை, அது கொஞ்சம் பெரிசு," என்றான், மிகவும் தணிந்த குரலில். "மாமி மீன் வெட்டேக்கை வயித்தைத் திறந்து, உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாப்பா. போன மாசம் நான் குடுத்த மீனுக்குள்ளை கிடந்ததெல்லாம் இவ்வளவுதான் எண்டு தன்ரை சுண்டுவிரலைக் காட்டினவ. அந்த விரலளவுக்குத்தான் நான் வாங்கினனான். என்ரையிலை ஒண்டைப் போட்டுப் பாருங்கோவன்."

"வேண்டாம். எனக்கு இது கைபழகினது."

நான் புத்தகம் புத்தகமாகத் தேடிய ஆராய்ச்சிக்கூடம் ட்வெய்ட்டாவில், ஒன்பதாம் மாடியில், குசினிக் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அதன் முடிவுகள் ஒரு மருமகனுக்கு மட்டும் அனுப்பப்பட்டிருக்கின்றன.

அவன் தேத்தண்ணிப் போத்தலும் ரோல்ஸும் எடுக்கக் காருக்குப் போனான். கார் நின்ற இடம் ஐந்து நிமிட நடை. நான் இரண்டு நிமிடம் மானத்தோடு நின்றேன். பிறகு அவனுடைய தடியிலிருந்த சாம்பல் பச்சை மீனைக் கழற்றி என் நூலில் கொழுவி எறிந்தேன். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதை மெதுவாக, நின்று நின்று இழுத்தேன். யாரோ கதவைப் படாரென்று சாத்தியது போல நூல் இறுகியது.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. மீன் ஓடியது, நான் ஏதோ கத்தினேன், தேவாரத்தில் பாதியும் நோர்வேஜிய வசவில் பாதியும் என்று பின்னால் கேள்விப்பட்டேன். சகலன் ரோல்ஸை எறிந்துவிட்டு ஓடிவந்து, முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, வலையை நீட்டி மீனை ஏந்தினான். அவனுடையதைவிட இது நான்கு விரல் நீளம். அளந்தது நான்; இரண்டு தடவை.

மீனின் வாயோரத்தில் அவனுடைய போலி தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டோடு. பின்முள்ளில் ஒரு நீலக் கம்பளி நூல். அவன் குறட்டால் முள்ளைக் கழற்றினான். நூலைப் பார்த்தான். என் கைவிளிம்பைப் பார்த்தான். மடிப்பு எப்போதோ அவிழ்ந்துவிட்டிருந்தது.

"பிள்ளையின்ரை பிறந்தநாளுக்குப் பிறகுதான் இந்த நூலைக் கண்டனான்," என்றான். "கழட்ட மனம் வரேல்லை அண்ணை. அதுக்குப் பிறகு இதுக்குத்தான் நல்லாப் பிடிபடுது."

ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! தண்ணீரில் நனைந்த ரோல்ஸைப் பொறுக்கி, நனையாத ஒன்றை எனக்குத் தந்தான். மாமியின் வீட்டு வாசலில், நான் வாய் திறப்பதற்கு முன்பே, "மாமி, இது முழுக்க அண்ணையின்ரை வேலை. நான் வலைதான் பிடிச்சனான்" என்றான். தான் பிடித்த மீனைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கொண்டு போனான்.

அன்று மத்தியானம் நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். கூடத்தில், மெத்தை வைத்த நீளச் செற்றியில் நடு இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். குசினியிலிருந்து நண்டு உடைக்கிற சத்தம், சகலனின் சிரிப்பு, மாமியின் அதட்டல், மிளகாய் மணம் எல்லாம் வந்துகொண்டிருந்தன. என் மீனின் தலை பானைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. மனைவியும் அவளுடைய தங்கையும் மேசையில் கிண்ணங்களை அடுக்கினார்கள். முதல் கிண்ணத்தை வாங்கும்போது முகத்தை எப்படி வைத்திருக்கவேண்டும் என்று யோசித்தேன். ஆச்சரியப்பட்டது போல, ஆனால் அதிகமில்லாமல்.

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. கரண்டி பானை விளிம்பில் தட்டியது. குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல்: "இந்தாங்கோ தம்பி, முதல் கிண்ணம்."

நான் பாதி எழும்பிவிட்டேன். கை நீட்டியதையும் மறைக்கமாட்டேன். குசினி வாசலுக்கு அந்தப் பக்கம், சுடச்சுட ஒரு வாய் உறிஞ்சிய சகலனின் குரல் வந்தது. "ஆ! மாமி, உங்கட கையே கை!"

எழும்பிய மனிதன் சும்மா உட்கார முடியாது. ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தேன். மழை வரும்போல் இருக்கிறது என்றேன். வானம் பளிச்சென்று இருந்தது. மனைவி என்னைப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து தந்தாள். மூன்றாவதோ நான்காவதோ. கூழ் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வெளிக்கிடும்போது, சப்பாத்து மாட்டக் குனிந்தவன், முகம் தெரியாத தைரியத்தில் கேட்டேவிட்டேன். சிரித்துக்கொண்டு, பகிடி மாதிரி.

"என்ன மாமி, இந்த முறை மீன் என்ரை. முதல் கிண்ணம் மட்டும் பழையபடி அவருக்கோ?"

மாமி கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தபடி வாசலுக்கு வந்தார்.

"முதல் கிண்ணமோ? அது உப்புப் பாக்கிறதுக்கெல்லோ குடுக்கிறனான், தம்பி. அவர் பக்கத்திலை நிண்டு நண்டு உடைச்சுத் தாறவர், அவருக்குக் குடுக்கிறன். நீங்கள் எப்பவும் செற்றியிலைதானே இருக்கிறனீங்கள்."